கால் அசையாமல் போன முதல் வருடமும் என் தொடை எலும்பும்

2018 ஐப்பசி. மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த காலை. மச்சினன் கல்யாணத்துக்குக் கிளம்ப வேண்டும். நான் கட்டிலில் படுத்திருக்க, மனைவி என் இடது காலை மடக்கி, பேண்டுக்குள் நுழைப்பதற்காகப் பாதத்தைப் பிடித்து லேசாகத் திருப்பினாள். முருங்கைக் கொம்பு முறிகிற மாதிரி ஒரு சத்தம். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எனக்கு வலி இல்லை. தொப்புளுக்குக் கீழே எனக்கு எந்த உணர்ச்சியும் கிடையாது. கட்டில் சட்டம்தான் சத்தம் போட்டது என்று நினைத்துக்கொண்டு மண்டபத்துக்குப் போய்விட்டோம். அன்று முழுவதும் அந்தக் காலோடுதான் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

ராத்திரி பேண்டைக் கழற்றும்போதுதான், "என்னங்க, முட்டி இப்படி வீங்கியிருக்கு, கை வச்சா கொதிக்குதுங்க" என்றாள். அன்று இரவு முழுவதும் கால்கள் வழக்கத்தைவிட அதிகமாக வெட்டி வெட்டி இழுத்தன. மறுநாள் காட்டிய இடத்தில் நீர்க்கட்டு என்று மாத்திரை கொடுத்தார்கள். அடுத்த நாள் வேறொரு மருத்துவர், காலில் ரத்தம் உறைந்திருக்குமோ என்று சந்தேகப்பட்டு ஸ்கேன் எடுக்கச் சொன்னார். அதில் ஒன்றும் இல்லை. மூன்றாம் நாள்தான் எக்ஸ்ரே எடுத்தார்கள். முழங்காலுக்குச் சற்று மேலே தொடை எலும்பு குறுக்காக முறிந்திருந்தது. "எங்க விழுந்தீங்க?" என்று கேட்டார் எலும்பு மருத்துவர். நான் எங்கேயும் விழவில்லை.

முறிந்தது அன்றைக்குத்தான். ஆனால் அந்த எலும்பு கரைந்தது அதற்கு நான்கு வருடங்களுக்கு முன்பு. அதைத் தடுக்க வழி இருந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. தண்டுவடம் அடிபட்டவர்கள், பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்தவர்கள், மாதக்கணக்கில் காலை ஊன்றக் கூடாது என்று சொல்லப்பட்டவர்கள், அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்கள் எல்லாரும் முதல் சில மாதங்களிலேயே இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

நான் வயரிங் வேலை செய்தவன். 2014 ஆவணியில் ஒரு புது வீட்டின் இரண்டாம் மாடியில் சாரம் சரிந்து விழுந்தேன். டி10 மட்டத்தில், அதாவது நெஞ்சுப் பகுதி முதுகெலும்பின் பத்தாவது கணு இருக்கும் இடத்தில், தண்டுவடம் நசுங்கியது. அறுவை சிகிச்சை, பிளேட், ஸ்க்ரூ எல்லாம் ஆயிற்று. அதன் பிறகு வந்த ஒரு வருடத்தை நினைத்துப் பார்த்தால், வீட்டில் எல்லாருடைய வாயிலும் ஒரே கேள்விதான்: எப்போது நடப்பான்? அம்மா கோயில் கோயிலாக வேண்டிக்கொண்டார். அக்கா வாரம் இரண்டு நாள் ஆட்டுக்கால் சூப் வைத்துக் கொண்டுவந்தார். எலும்பை வேகவைத்த தண்ணீரில் நாம் நினைக்கிற அளவு சுண்ணாம்புச் சத்து இறங்குவதில்லை என்பது அப்போது யாருக்குத் தெரியும்? படுக்கைப்புண் வராமல் புரட்டிப் போடுவது, சிறுநீர்க் குழாய், மலம் கழிக்க வைப்பது என்று நாளுக்கு நாள் வேலை சரியாக இருந்தது. எலும்பைப் பற்றி யாரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆனால் உடம்பு சொல்லிக்கொண்டுதான் இருந்தது. விபத்து நடந்து நான்காவது மாதத்தில், குழாயில் மாட்டியிருந்த சிறுநீர் சேரும் பையில் மணல் மணலாக வெள்ளைப் பொடி தங்க ஆரம்பித்தது. ஏழாவது மாதத்தில் சிறுநீரகத்தில் கல். கல்லை உடைத்து எடுத்தார்கள், தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னார்கள், அதோடு சரி. பல வருடம் கழித்து ஒரு மறுவாழ்வு மருத்துவர் என் பழைய சீட்டுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "குழாய் போட்டிருந்ததால வந்த கிருமித்தொற்றும் ஒரு காரணம்தான். ஆனா அந்த நேரத்துல உங்க கால் எலும்புல இருந்த கால்சியம் ரத்தத்துல இறங்கி, சிறுநீர் வழியா போய்க்கிட்டு இருந்துச்சு. அதுவும் கல்லாச்சு." கேட்டபோது எனக்குப் பேச்சு வரவில்லை. தினமும் காலையில் பையைத் திறந்து கழிவறையில் ஊற்றினோமே, அதில் என் எலும்பும் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

இது மருத்துவ உலகத்துக்குப் புதிய செய்தி அல்ல. 1948லேயே அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக மருத்துவர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டிருக்கிறார்கள். நோய்நொடி இல்லாத நான்கு இளைஞர்களை இடுப்பிலிருந்து கால் வரை மாவுக்கட்டுக்குள் வைத்து ஆறேழு வாரம் படுக்கவைத்தார்கள். சாப்பாட்டில் குறை இல்லை, உடம்பில் காயம் இல்லை. அப்படியும் சில வாரங்களுக்குள் அவர்கள் சிறுநீரில் வெளியேறிய கால்சியம் சுமார் இரண்டு மடங்கானது.

எலும்பைக் கல், சிமெண்டு மாதிரி நினைத்துக்கொண்டிருந்தவன் நான். உண்மையில் அது வாழ்நாள் முழுக்க இடித்துக் கட்டப்படுகிற ஒன்று. ஒரு வகைச் செல்கள் பழைய எலும்பை அரித்து எடுக்கும், இன்னொரு வகைச் செல்கள் அந்தப் பள்ளத்தில் புதிதாகக் கட்டும். எங்கே எவ்வளவு கட்ட வேண்டும் என்பதைச் சுமைதான் சொல்கிறது. ஜெர்மன் அறுவை மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் இதை 1892லேயே எழுதிவைத்தார். எலும்புக்குள் புதைந்து கிடக்கும் செல்கள் ஒவ்வோர் அடி வைக்கும்போதும் ஏற்படுகிற நெளிவை உணர்கின்றன. அந்த நெளிவு நின்றுபோனால் அவை ஸ்கிளெரோஸ்டின் என்ற புரதத்தை அதிகமாகச் சுரந்து, கட்டும் வேலையை நிறுத்தச் சொல்கின்றன. அரிக்கும் வேலையோ வேகமெடுக்கிறது. நடக்காத காலுக்கு இவ்வளவு எலும்பு எதற்கு என்று உடம்பே கணக்குப் போட்டுக் கரைத்துவிடுகிறது.

விண்வெளி வீரர்களுக்கும் இதே பாடுதான். எடை இல்லாத இடத்தில் மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் வரை இடுப்பு எலும்பு குறைந்துவந்தது. தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு வேகம் இதைவிட அதிகம். முழங்காலுக்கு மேலும் கீழும் உள்ள பஞ்சு போன்ற எலும்பில் முதல் மாதங்களில் மாதத்துக்கு 2 முதல் 4 சதவீதம் வரை போகும் என்கிறார்கள். முதல் இரண்டு வருடத்துக்குள் காலில் மூன்றில் ஒரு பங்கு போய்விடலாம். அதன் பிறகு வேகம் குறைகிறது. ஆனால் போனது தானாகத் திரும்புவதில்லை. என் எலும்பு கல்யாணத்தன்று முறிந்த இடம் சரியாக அந்த முழங்கால் மேல்பகுதிதான். எங்களைப் போன்றவர்களுக்கு அதிகம் முறிகிற இடமும் அதுதான்.

முறிந்த பிறகு நடந்தது இன்னொரு பாடம். உணர்ச்சி உள்ளவர்களுக்குப் போடுகிற மாதிரியே கெட்டியான மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினார்கள். குதிகாலில் உராய்ந்தது எனக்குத் தெரியவில்லை. மூன்று வாரம் கழித்து நாற்றம் வந்து பிரித்துப் பார்த்தால் எலும்பு தெரிகிற ஆழத்துக்குப் புண். முறிவு மூன்று மாதத்தில் கூடிவிட்டது, குதிகால் புண் ஆற ஐந்து மாதம் ஆனது. உணர்ச்சி இல்லாத காலுக்கு மாவுக்கட்டுப் போடுவதென்றால் உள்ளே நல்ல தடிமனாகப் பஞ்சு வைத்து, தினமும் திறந்து தோலைப் பார்க்கிற மாதிரி இரண்டு பாதியாகப் போடச் சொல்லி நாமே கேட்க வேண்டும். கேட்பதற்குத் தயங்கக் கூடாது.

2019ல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் மறுவாழ்வு மையத்துக்குப் போனேன். பாகாயத்தில் உள்ள அந்த மறுவாழ்வு மையம் 1966ல் தொடங்கப்பட்டது. அதற்குக் காரணமான டாக்டர் மேரி வர்கீஸ், 1954ல் கார் விபத்தில் தண்டுவடம் அடிபட்டு, சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தவர். அந்த வளாகத்தில் நாற்காலியை உருட்டிக்கொண்டு போகும்போது அவரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அங்கே இருந்தபோதுதான் எலும்பு அடர்த்தியைப் பார்க்கும் டெக்ஸா ஸ்கேனைப் பற்றிச் சரியாகப் புரிந்துகொண்டேன்.

ஊரில் அதற்கு முன்பே ஒரு தடவை டெக்ஸா எடுத்திருந்தேன். முதுகெலும்பு மட்டும் பார்த்துவிட்டு, கிட்டத்தட்ட நார்மல் என்று எழுதியிருந்தார்கள். அதை நம்பி ஒரு வருடம் நிம்மதியாக இருந்தேன். நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு முதுகெலும்பு சுமை தாங்கிக்கொண்டுதான் இருக்கிறது, அங்கே அடர்த்தி பெரிதாகக் குறையாது. போவது இடுப்பு, தொடை, முழங்கால். பிறகு இடுப்பையும் பார்த்தபோது டி ஸ்கோர், அதாவது இளவயது எலும்போடு ஒப்பிட்டுப் போடுகிற மதிப்பெண், மைனஸ் 3.4. மைனஸ் 2.5க்குக் கீழே போனாலே எலும்புப்புரை என்று கணக்கு. எனவே ஸ்கேனுக்குச் சீட்டு எழுதும்போதே இடுப்பைக் கட்டாயம் சேர்க்கச் சொல்லுங்கள். முழங்கால் பகுதியையும் பார்க்கிற வசதி இருந்தால் அதையும் கேளுங்கள்.

இங்கே ஒரு குழப்பத்தைச் சொல்லியாக வேண்டும். நம் ஊரில் மூட்டு வலியையும் எலும்புத் தேய்மானம் என்பார்கள், இதையும் அப்படியே சொல்வார்கள். மூட்டுத் தேய்மானம் வலிக்கும். இது வலிக்காது. உளுத்த உத்திரம் மாதிரி, பார்வைக்கு முழுசாக இருக்கும், முறிகிற வரைக்கும் எந்தத் தொந்தரவும் தராது.

மருந்துக்கு வருகிறேன். ரத்தத்தில் என் வைட்டமின் டி 11தான் இருந்தது. வீட்டுக்குள்ளேயே வருடக்கணக்கில் கிடந்தவனுக்கு வெயில் ஏது? வாரம் ஒன்றாக எட்டு வாரம் 60,000 யூனிட் கொடுத்து அதைச் சரிசெய்த பிறகுதான் எலும்பு கரைவதை அடக்கும் முக்கியமான மருந்தைத் தொட்டார்கள். அந்த வரிசை மாறக் கூடாது. வைட்டமின் டி குறைவாக இருக்கும்போது அந்த மருந்தை ஏற்றினால் ரத்தத்தில் கால்சியம் சட்டென்று இறங்கிவிடும். பல் மருத்துவரிடம் போய்ச் சொத்தைப் பல் ஒன்றைப் பிடுங்கி, புண் ஆறியதும் வரச் சொன்னார்கள். இந்த மருந்து எடுக்கும்போது பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகிற ஆபத்து, அரிதாக என்றாலும், உண்டு. சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்றும் பார்த்தார்கள். சிறுநீரகத்தின் நிலையை அறிய ரத்தத்தில் பார்க்கும் கிரியாட்டினின், தசை வற்றிய உடம்பில் குறைவாகவே காட்டும், அதை மட்டும் நம்பக் கூடாது என்று அங்கே ஒருவர் எச்சரித்தார்.

மருந்தின் பெயர் சோலெட்ரானிக் ஆசிட். 5 மில்லிகிராம், நரம்பு வழியாக மெதுவாக, வருடத்துக்கு ஒரு தடவை. எலும்பை அரிக்கிற செல்களின் வேகத்தை இது அடக்குகிறது. முதல் தடவை ஏற்றிய அன்று இரவே குளிர் காய்ச்சல், உடம்பெல்லாம் முறித்துப் போட்ட மாதிரி வலி. பயந்துபோனோம். இரண்டு நாளில் பாரசிட்டமாலோடு போய்விட்டது. இரண்டாவது தடவை அவ்வளவு இல்லை. முன்கூட்டியே தெரிந்திருந்தால் பயப்பட்டிருக்க மாட்டோம், அதனால் சொல்கிறேன்.

இதே வகையில் வாரம் ஒருமுறை விழுங்குகிற அலென்ட்ரோனேட் 70 மில்லிகிராம் மாத்திரையும் உண்டு. வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கிவிட்டு அரை மணி நேரமாவது நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். நிமிர்ந்து உட்கார முடியாதவர்களுக்கு, கழுத்துப் பகுதியில் அடிபட்டவர்களுக்கு, இது ஒத்துவராது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை தோலுக்கடியில் போடும் டெனோசுமாப் ஊசியைப் பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதைத் தொடங்கினால் தேதி தவறக் கூடாது. மருத்துவரைக் கேட்காமல் பாதியில் நிறுத்தினால் காத்த எலும்பு வேகமாகக் கரைந்து முதுகெலும்பு நொறுங்குகிற அபாயம் இருக்கிறது. அடுத்த ஊசிக்கு வழி இருக்கிறதா என்று யோசித்துவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும்.

கால்சியம் மாத்திரையைத் தாமாக வாங்கிப் போடுகிறவர்கள் நிறைய. விபத்து நடந்த முதல் மாதங்களில் அதைச் செய்யவே கூடாது. அப்போது எலும்பிலிருந்தே கால்சியம் ரத்தத்தில் வழிந்துகொண்டிருக்கும். வாந்தி, தீராத தாகம், குழப்பமான பேச்சு என்று வந்தால், முக்கியமாக இளவயதுப் பையன்களுக்கு, ரத்தத்தில் கால்சியம் ஏறிவிட்டதா என்று உடனே பார்க்க வேண்டும். பிறகான வருடங்களில் நான் சாப்பாட்டையே நம்புகிறேன். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. காலையில் கூழ் அல்லது களி, ராத்திரி ஒரு டம்ளர் பால், முள்ளோடு நெத்திலி. உப்பைக் குறைத்தேன், ஏனென்றால் உப்பு அதிகமானால் சிறுநீரில் கால்சியமும் அதிகமாகப் போகும். காலை வெயிலில் நாற்காலியை வாசலில் போட்டுக்கொள்கிறேன்.

இனி உடற்பயிற்சி. இதில் உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும். காலைத் தாங்கும் காலிபர் சட்டம் மாட்டியோ, நிற்கவைக்கும் சட்டத்தில் கட்டிக்கொண்டோ தினமும் நிற்பதால் கரைந்த எலும்பு திரும்பி வரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அசையாமல் தாங்குகிற சுமை எலும்புக்குப் போதாது. தசை இழுக்க வேண்டும், அதிர்வு இருக்க வேண்டும், சுமை கூடிக்கொண்டே போக வேண்டும். சர்வதேச விண்வெளி நிலையத்தில் 2008 கடைசியில் ஒரு புதிய எதிர்ப்பு விசைக் கருவியைக் கொண்டுபோய் வைத்தார்கள். 270 கிலோ வரை எடை தூக்குவது போன்ற விசையை அது தரும். அதில் குந்தி எழுவதும் தூக்குவதுமாகக் கடுமையாகப் பயிற்சி செய்த பிறகுதான் எலும்பு இழப்பு குறைந்தது. அதோடு வாரம் ஒரு அலென்ட்ரோனேட் மாத்திரையும் எடுத்த வீரர்களுக்கு இடுப்பு எலும்பு அநேகமாகக் குறையவே இல்லை என்று அமெரிக்க, ஜப்பானிய விண்வெளி அமைப்புகள் சேர்ந்து செய்த ஆய்வு 2013ல் வெளிவந்தது. பயிற்சியும் மருந்தும் ஒன்றுக்கொன்று துணை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று நான் பார்க்கவில்லை.

எங்களால் எடை தூக்கிக் குந்த முடியாது. மின் தூண்டலால் தொடைத் தசையைச் சுருங்கவைத்து மிதிக்கும் சைக்கிள் இருக்கிறது. வாரம் பல நாள், மாதக்கணக்கில் விடாமல் மிதித்தவர்களுக்கு முழங்கால் மேல் எலும்பில் ஓரளவு திரும்பக் கிடைத்திருக்கிறது. நிறுத்தினால் அது மறுபடி போய்விடுகிறது. நான் மையத்தில் இருந்தபோது மிதித்தேன், ஊருக்கு வந்த பிறகு அந்த வசதி இல்லை. உலர்ந்த எலும்பில் முதல் நாளே அதிக மின்சாரம் வைத்தால் தசை இழுத்தே எலும்பு முறியலாம் என்பதால், எக்ஸ்ரே, டெக்ஸா பார்த்த பிறகுதான் ஆரம்பித்தார்கள்.

அப்படியானால் ஏன் இன்னும் நிற்கிறேன்? தச்சரிடம் சொல்லித் தேக்குச் சட்டத்தில் நிற்கும் மேசை செய்துவைத்திருக்கிறேன். தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம். நின்றால் கால் இறுக்கம் தளர்கிறது, குடல் அசைகிறது, சிறுநீர் முழுதாக இறங்குகிறது, உட்காரும் இடத்துத் தோலுக்கு ஓய்வு கிடைக்கிறது. எலும்புக்காகவே நிற்பதென்றால் முதல் வருடத்தில், எலும்பு இன்னும் மிச்சம் இருக்கும்போது நின்றிருக்க வேண்டும்.

அதனால்தான் பக்கத்து ஊர்த் தம்பி தென்னை மரத்திலிருந்து விழுந்த செய்தி 2022ல் வந்தபோது, ஒரு மாதம்கூடப் பொறுக்காமல் போய்ப் பார்த்தேன். இருபத்து நான்கு வயது. அவன் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, இவன் எப்பப்பா நடப்பான்?" என்றார். எங்கள் வீட்டில் கேட்ட அதே கேள்வி. "அதுக்கு வைத்தியம் நடக்கட்டும்ப்பா, இப்ப எலும்பைக் காப்பாத்தணும்" என்று சொல்லி, என் எக்ஸ்ரேயைக் காட்டினேன். மருத்துவரிடம் அவர்களே கேட்டார்கள். ரத்தப் பரிசோதனைகள், பல் எல்லாம் பார்த்து மூன்றாவது மாதத்தில் சோலெட்ரானிக் ஏற்றினார்கள். சாய்வு மேசையில் படிப்படியாக நிமிர்த்தி, ஐந்தாவது மாதத்தில் தினமும் நிற்க ஆரம்பித்தான். ஒரு வருடம் கழித்து எடுத்த ஸ்கேனில் இடுப்பு எலும்பு அநேகமாக அப்படியே இருந்தது. முழங்கால் பக்கம் கொஞ்சம் போயிருக்கிறது. அந்த இடத்தை இந்த மருந்தால் இடுப்பைப் போல நன்றாகக் காக்க முடிவதில்லை என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். ஆனாலும் என் ஸ்கேனையும் அவன் ஸ்கேனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

தற்காலிகமாகப் படுத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கால் முறிந்து கம்பி வைத்தவர்கள், மருத்துவர் ஊன்றலாம் என்று சொன்ன பிறகும் பயந்துகொண்டு மாதக்கணக்கில் தூக்கிக்கொண்டே நடக்கிறார்கள். வயதானவர்கள் இடுப்பு அறுவை சிகிச்சை முடிந்து வந்தால், "படுத்தே இருங்க, நாங்க பாத்துக்கறோம்" என்று பிள்ளைகள் அன்போடு படுக்கவைத்துவிடுகிறார்கள். எவ்வளவு எடை ஊன்றலாம், எந்தத் தேதியிலிருந்து என்று மருத்துவரிடம் கேட்டுச் சீட்டில் எழுதி வாங்கி, அந்தத் தேதியில் ஊன்றவைத்துவிடுங்கள்.

ஏற்கெனவே கரைந்துவிட்ட எலும்போடு வாழ்கிறவர்களுக்கு, முறியாமல் பார்த்துக்கொள்வதே வைத்தியம். எண்ணெய் போட்டு நீவி, காலை நெஞ்சு வரை அழுத்தி மடக்குகிற நாட்டு மசாஜை எங்கள் வீட்டில் நிறுத்திவிட்டோம். மூட்டை அசைக்கும்போது மூட்டுக்கு மேலே ஒரு கை, கீழே ஒரு கை. பாதத்தைப் பிடித்துத் திருகவே கூடாது. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறும் முன் பாதம் எங்கேயாவது சிக்கியிருக்கிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும், ஏனென்றால் கால் சொல்லாது. ஆட்டோவில் ஏறும்போதுதான் எங்களில் பலருக்குப் பாதம் மாட்டி முறிந்திருக்கிறது. நாற்காலியில் கெண்டைக்காலுக்குப் பின்னால் ஒரு பட்டை கட்டினால் கால் நழுவிச் சக்கரத்தில் விழாது. காரணமே இல்லாமல் வீக்கம், சூடு, கூடுதலான இழுப்பு என்று எது வந்தாலும், விழவில்லை என்றாலும், அன்றைக்கே எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். ரத்த உறைவையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

எங்கள் தெருத் தையல்காரர் இப்போது என் பேண்ட்களின் வெளிப்பக்கத் தையலை இடுப்பு முதல் கணுக்கால் வரை பிரித்து ஜிப் வைத்துக் கொடுக்கிறார். காலை மடக்கவே வேண்டாம். விரித்த துணியின் மேல் காலை வைத்து இழுத்து மூடினால் போதும். மனைவி ஒரு கையை முழங்காலுக்கு அடியிலும் மற்றதைக் குதிகாலுக்கு அடியிலும் கொடுத்துத் தூக்கி வைக்கிறாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு, சத்தம் ஏதும் கேட்கிறதா என்று இன்றும் ஒரு நொடி காது கொடுக்கிறாள்.